கம்ப்ரஸர் போச்சுன்னு சொன்னாங்க, போனது ஒரு சின்ன டப்பி

போன ஆடி மாசம், ரெண்டாவது வெள்ளிக்கிழமை, ராத்திரி பதினோரு மணி இருக்கும். எங்க தாம்வே பக்கம் மத்தியானத்துல இருந்தே கரண்ட் இல்ல, மழை விடாம ஊத்திக்கிட்டு இருக்கு, பாயை விரிச்சு படுத்தாச்சு, அப்ப தெரு முனையில பசங்க "மீ லாபி"ன்னு கத்துற சத்தம் கேட்டுச்சு. யாங்கோன்ல இருக்கவங்களுக்கு இத சொல்லவே வேணாம், வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்காக சொல்றேன், பர்மாவுல நெருப்பு, வெளக்கு, கரண்ட் எல்லாத்துக்கும் மீதான் வார்த்தை, லாபின்னா வந்துருச்சு. அந்த சத்தம் ஒரு வீட்ல ஆரம்பிச்சு பக்கத்து வீடு, மேல் மாடி, எதிர் மாடின்னு தாவித் தாவிப் போகும், கேக்குறப்ப மனசுக்குள்ள ஒரு சந்தோசம் பொங்கும் பாருங்க, அது இங்க இருந்து பாத்தாத்தான் புரியும். ஒடனே எல்லாரும் எந்திரிச்சு தண்ணி மோட்டாரப் போடுவாங்க, ரைஸ் குக்கரப் போடுவாங்க, ஃபோன சார்ஜ்ல சொருகுவாங்க, ஏன்னா இருக்கப்பவே எல்லாத்தையும் முடிச்சிரணும்.

அன்னிக்கும் அப்படித்தான். டியூப் லைட் எரிஞ்சுச்சு, அணைஞ்சுச்சு, திரும்ப எரிஞ்சுச்சு, இன்னொரு தடவ அணைஞ்சு எரிஞ்சுச்சு. சமையக்கட்டு மூலையில இருக்க எங்க ஃப்ரீஸர் "ம்ம்ம்ம்"னு உறுமுச்சு, பத்து எண்ணுறதுக்குள்ள "டக்"னு ஒரு சத்தம், நின்னுருச்சு. ரெண்டு மூணு நிமிசம் கழிச்சு திரும்ப "ம்ம்ம்ம்", திரும்ப "டக்". விடியிற வரைக்கும் அதையே கேட்டுக்கிட்டு படுத்திருந்தேன். ப்ளக்க அப்பவே புடுங்கியிருக்கணும், அது எனக்குத் தெரியல. இத எழுத உக்காந்ததே அதுக்குத்தான், இந்த சத்தம் உங்க வீட்ல கேட்டா அந்த நிமிசமே எந்திரிச்சுப் போய் ப்ளக்க புடுங்குங்க, மிச்சத்த காலையில பாத்துக்கலாம்.

எங்க வீட்ல இந்த பெட்டி ஃப்ரீஸர்ங்கிறது சும்மா ஒரு சாமான் இல்ல. நான் இட்லி தோசை மாவு அரைச்சு விக்கிறேன், இருபது வீடு, ரெண்டு டீக்கடை. நம்ம ஊரு வெக்கைக்கு மாவு அரை நாள்ல புளிச்சு நுரை தள்ளிரும், அதனால தெர்மோகோல் பெட்டிக்குள்ள மாவு வாளிய வெச்சு சுத்தி ஐஸ் பாட்டில் அடுக்கி வெப்பேன், அந்த ஐஸ் பாட்டில் எல்லாம் ஒறையிறது இந்த ஃப்ரீஸர்லதான். வாரத்துக்கு ஒரு தடவ எங்க வீட்டுக்காரர் விடியக்காலையில சான்பியா மீன் மார்க்கெட்டுக்குப் போயி மொத்தமா மீன் வாங்கிட்டு வருவாரு, எங்களுக்கும் என் நாத்தனார் வீட்டுக்கும் சேத்து, அதுவும் இதுக்குள்ளதான். ஒரு நாள் இது நின்னா எங்களுக்கு அன்னிக்கு வருமானம் இல்ல, அவ்வளவுதான் விசயம்.

காலையில ஒரு சயாவ கூட்டிட்டு வந்தோம். சயான்னா வாத்தியார், மெக்கானிக்கையும் இங்க மரியாதையா அப்படித்தான் கூப்புடுவோம். அவரு வந்தாரு, பின்னாடி குனிஞ்சு கம்ப்ரஸர தொட்டுப் பாத்தாரு, சூடா இருக்குன்னாரு, ப்ளக்க சொருகி சத்தத்த ஒரு தடவ கேட்டாரு, கம்ப்ரஸர் போச்சு, மாத்தி கேஸ் அடிக்க நாலரை லட்சம் சாட் ஆகும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பர்மா காச கியாட்னு எழுதுறோம், வாயில சாட்னுதான் வரும். என் கையில அன்னிக்கு இருந்தது அறுபதாயிரம். புதுசு வாங்கணும்னா பத்து லட்சத்துக்கு மேல. எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் பேசல, திண்ணையில போய் உக்காந்துட்டாரு, அவரு பேசாம இருந்தா எனக்கு வயித்தக் கலக்கும்.

அந்த சயாவ நான் தப்பு சொல்லல. ஆனா ஒண்ணு மட்டும் மனசுல உறுத்துச்சு, அவரு ஒரு ஸ்க்ரூவக் கூட கழட்டல, மீட்டரும் வெச்சுப் பாக்கல. டாக்டர் நாடி புடிக்காம மருந்து எழுதுன மாதிரி இருந்துச்சு.

அப்பத்தான் பழைய வீட்டுப் பக்கத்துல இருந்த பாய் ஞாபகம் வந்துச்சு. முப்பது வருசத்துக்கு மேல ஃப்ரிட்ஜ், ஏசி வேலை பாத்தவர், ராமநாதபுரம் பக்கத்துல இருந்து வந்த குடும்பம், இப்ப வயசாகி மகன் வீட்ல இருக்காரு, கண்ணு சரியா தெரியாது, காது மட்டும் நல்லா கேக்கும். ஃபோன் போட்டேன். "அந்த சத்தத்த எனக்கு கேக்க வைமா"ன்னாரு. ஃபோன கம்ப்ரஸர்கிட்ட வெச்சு ப்ளக்க சொருகுனேன். ம்ம்ம்ம், டக். "போதும் போதும், புடுங்கிரு"ன்னாரு. அப்புறம் கேட்டாரு, "நேத்து கரண்ட் வந்தப்ப வெட்டி வெட்டி வந்துச்சா?" ஆமா பாய், ரெண்டு மூணு தடவ வெட்டுச்சுன்னேன். "கம்ப்ரஸர் உறுமுதுல்ல, உறுமுனா உசுரு இருக்குன்னுதான் நெனைக்கணும் மொதல்ல. அதுக்குப் பக்கத்துல கறுப்பா ஒரு டப்பி இருக்கும், அத வெளிய எடுத்து காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாரு. கலகலன்னு கேட்டா எனக்கு திரும்ப ஃபோன் போடு."

இங்க கொஞ்சம் நின்னு அந்த டப்பி என்ன வேலை செய்யுதுன்னு சொல்லிர்றேன், ஏன்னா இது புரிஞ்சதுக்கு அப்புறந்தான் எனக்கு பயமே போச்சு. கம்ப்ரஸருக்குள்ள ஒரு மோட்டார் இருக்கு, அதுக்கு ரெண்டு காயில் சுத்து. ஒண்ணு எப்பவும் ஓடுற சுத்து, இன்னொண்ணு தள்ளிவிடுற சுத்து. ரிக்‌ஷா ஏத்தத்துல நிக்கிறப்ப பின்னாடி இருந்து ஒரு ஆள் தள்ளி விடுவான்ல, ஓட ஆரம்பிச்சதும் அவன் கைய எடுத்துருவான், அந்த மாதிரி. அந்த தள்ளிவிடுற சுத்துக்கு கரண்ட் விட்டு, ஒரு செகண்ட் ஆகுறதுக்குள்ள நிறுத்துறதுதான் இந்த டப்பியோட வேலை, பிடிசி ரிலேன்னு சொல்றாங்க. உள்ள காசு மாதிரி வட்டமா ஒரு பீங்கான் வில்லை இருக்கு. ஆறியிருக்கப்ப அது வழியா கரண்ட் நல்லா போகும், போனதும் சூடாகும், சூடானா தானா வழிய அடைச்சுக்கும். ஆறுனாத்தான் திரும்ப திறக்கும், அதுக்கு ஒண்ணு ரெண்டு நிமிசமாவது வேணும்.

இப்ப கரண்ட் வெட்டி வெட்டி வந்தா என்ன ஆகும்னு பாருங்க. மொத தடவ வந்ததும் மோட்டார் கெளம்பிருது, வில்லை சூடாயிருது. ரெண்டு செகண்ட்ல கரண்ட் போயி ஒடனே திரும்ப வருது, வில்லை இன்னும் ஆறல, தள்ளிவிட ஆள் இல்ல. அதோட பைப்புக்குள்ள ஒரு பக்கம் கேஸ் அழுத்தம் ஏறி நிக்கிது, அது ரெண்டு பக்கமும் சமமாக மூணுல இருந்து அஞ்சு நிமிசம் ஆகும், அந்த பாரத்தையும் எதுத்து மோட்டார் சுத்தணும். அதுக்கு மேல, தெருவே ஒரே நேரத்துல மோட்டாரப் போட்டதால வோல்டேஜ் கெணத்துல விழுந்த மாதிரி விழுந்து கெடக்கும். எங்க வீட்ல கரண்ட் வந்த மொத ரெண்டு நிமிசத்துல 170 வோல்ட்டுக்கும் கீழ போறத இதெல்லாம் நடந்ததுக்கு அப்புறம் நானே மீட்டர்ல பாத்திருக்கேன், இருக்க வேண்டியது 230. வோல்டேஜ் முக்கால்வாசியா கொறைஞ்சா மோட்டாரோட சக்தி முக்காலுக்கு கொறையிறதில்ல, பாதிக்கு வந்துருது, வோல்டேஜோட வர்க்கத்துல கொறையும். சுத்த முடியாம நிக்கிற மோட்டார் ஓடுறதப்போல அஞ்சாறு மடங்கு கரண்ட இழுக்கும், அதுதான் அந்த உறுமல். எரிஞ்சு போகாம இருக்க ஓவர்லோடுன்னு இன்னொரு சின்ன வட்ட டப்பி பக்கத்துலயே இருக்கு, அது சூடாகி கரண்ட வெட்டிவிடும், அதுதான் அந்த டக். ஆறுனதும் அது திரும்ப சேத்துவிடும், மோட்டார் திரும்ப உறுமும். ராத்திரி பூரா எங்க வீட்ல நடந்தது இதுதான்.

அதனாலதான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன், கரண்ட் போறது ஃப்ரீஸர கெடுக்குறதில்ல, கரண்ட் வர்ற அந்த மொத அஞ்சு நிமிசந்தான் கெடுக்குது.

சரி, வேலைக்கு வர்றேன். ப்ளக்க புடுங்குனது போதாதுன்னு வயரையே சுருட்டி ஃப்ரீஸர் மேல எடுத்து வெச்சேன், புள்ளைங்க யாராவது சொருகிறக் கூடாதுல்ல. மழைக்கு தரையெல்லாம் ஈரம், காஞ்ச சாக்க விரிச்சு ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டேன். பெட்டிய சாய்க்கல, செவத்துல இருந்து இழுத்து திருப்புனேன், அவ்வளவுதான். சாய்ச்சா கம்ப்ரஸருக்குள்ள இருக்க எண்ணெய் பைப்புக்குள்ள ஓடிரும், அப்புறம் நேரா நிறுத்தி பல மணி நேரம் சும்மா விடணும். பின்பக்கம் கீழ ஒரு தகட்டு மூடி, நாலு ஸ்க்ரூ, ஒண்ணு துருப்புடிச்சு சுத்தவே மாட்டேன்னுச்சு, தேங்கா எண்ணெ ரெண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் கழிச்சு திருப்புனேன், வந்துருச்சு.

உள்ள பாத்தா ஏழு வருச அழுக்கு, கரப்பான் முட்டை, ஒட்டடை. பெயிண்ட் பிரஷ்ல தட்டி எடுத்தேன். கம்ப்ரஸர் கறுப்பா பூசணிக்கா சைஸ்ல இருக்கு, அது மேல மஞ்சக் கலர்ல நெருப்புப் படம் போட்ட ஸ்டிக்கர், ஆர் 600ஏன்னு எழுதியிருந்துச்சு. பாய்கிட்ட சொன்னேன், "அது எரியிற கேஸ், பைப்ப தொடாத, பத்தவைக்கிற வேலை எதுவும் அங்க கிட்டயே கூடாது, ஜன்னலத் தெறந்து வெச்சுட்டு டப்பிய மட்டும் கழட்டு"ன்னாரு. பைப் வேலையும் கேஸ் வேலையும் வீட்ல செய்யிற வேலையே இல்ல. டப்பி மாத்துறது செய்யலாம்.

கம்ப்ரஸரோட பக்கவாட்டுல ஒரு பிளாஸ்டிக் மூடி, கம்பி கிளிப் ஒண்ணு புடிச்சிருக்கும். அத நெம்புனா வந்துரும். உள்ள வயரு. கை வெக்கிறதுக்கு முன்னாடி ஃபோன்ல நாலு பக்கமும் படம் புடிச்சேன், எந்தக் கலர் எங்கன்னு. ரிலேவ திருகாம, நேரா வெளிய இழுக்கணும், ஏன்னா கம்ப்ரஸர்ல இருந்து வர்ற மூணு ஊசியும் கண்ணாடியில பதிச்சிருக்கும், திருகி அந்தக் கண்ணாடி கீறிச்சுன்னா கேஸ் போயிரும், அப்ப நெசமாவே கம்ப்ரஸர் போச்சுதான். மெதுவா அசைச்சு அசைச்சு எடுத்தேன். வந்துச்சு.

உள்ளங்கையில அது ஒரு பழைய தீப்பெட்டி அளவுதான் இருந்துச்சு. ஒரு மூலை கருகிப் போயி, பக்கத்துல மூக்க வெச்சா எரிஞ்ச பிளாஸ்டிக் நாத்தம். காதுகிட்ட வெச்சு ஆட்டுனேன். கல்லு போட்ட கொலுசு மாதிரி கலகல கலகலன்னு கேட்டுச்சு. எனக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. எங்க வீட்டுக்காரர் ஓடி வந்தாரு, அவரு காதுகிட்டயும் வெச்சு ஆட்டிக் காமிச்சேன், சின்ன மக வாங்கி ஆட்டுனா, எல்லாரும் ஆட்டுனோம். கத்தியால ஓரத்த நெம்பித் தெறந்தா அந்த வட்ட வில்லை மூணு துண்டா ஒடைஞ்சு கெடக்கு, கரித்தூள் மாதிரி பொடி கொட்டுது.

ஆனா பாய் ஒடனே சந்தோசப்பட விடல. "டப்பி போனது சரி, கம்ப்ரஸர் நல்லா இருக்கான்னு பாக்க வேணாமா? மீட்டர் இருக்கா?" இருக்கு. 1964ல இங்க கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப எங்க சொந்தத்துல பாதிப்பேரு கப்பல் ஏறி மெட்ராஸ் போயிட்டாங்க, எங்க தாத்தா மட்டும் போகல. போனவங்க மாதிரி ஆளுங்களுக்காக உண்டானதுதான் பீச் ஸ்டேஷன் எதிர்ல இருக்க பர்மா பஜார். அங்க கடை வெச்சிருக்க என் பெரியப்பா பேரன் ஒரு தடவ வந்தப்ப குடுத்துட்டுப் போன மல்டிமீட்டர், இத்தன வருசமா பேட்டரி பாக்குறதுக்கு மட்டும் எடுப்போம். அன்னிக்கு அதுதான் எங்க நாலரை லட்சத்த காப்பாத்துச்சு.

மூணு ஊசி முக்கோணமா இருக்கும். ரெண்டு ரெண்டா மீட்டர வெச்சு ஓம், அதாவது கரண்ட அந்த சுத்து எவ்வளவு தடுக்குதுன்னு பாக்கணும், மூணு கணக்கு வரும். எனக்கு வந்தது 13, 19, 32. பாய் ஃபோன்லயே சிரிச்சாரு, "பதிமூணும் பத்தொம்போதும் எவ்வளவு?" முப்பத்திரெண்டு. "அப்ப ரெண்டு சுத்தும் அறுகாம இருக்கு." சின்ன ரெண்டையும் கூட்டுனா பெருசு இப்படி சரியா வரணும், மீட்டர் வயரால ஒண்ணு அரை முன்னப்பின்ன இருக்கலாம். ஒரு ஜோடியில ஒண்ணுமே காட்டலைன்னா அந்த சுத்து அறுந்துருச்சு, ஆனா கம்ப்ரஸர் கொதிக்கிறப்ப பாத்தா உள்ள பாதுகாப்பு வெட்டியிருக்கலாம், நல்லா ஆறுனதுக்கு அப்புறம் இன்னொரு தடவ பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும். அடுத்து ஒவ்வொரு ஊசிக்கும் செப்புக் குழாய்க்கும் நடுவுல பாத்தேன், மூணுலயும் ஒண்ணும் காட்டல, அப்படித்தான் இருக்கணும், அங்க எதாவது நம்பர் வந்தா பாடியில கரண்ட் கசியுதுன்னு அர்த்தம், அந்தப் பெட்டிய தொடவே கூடாது. அந்த ஓவர்லோட் டப்பியையும் பாத்தேன், அது நல்லாத்தான் இருந்துச்சு. சில பெட்டியில இதோட ஒரு கெப்பாசிட்டரும் இருக்குமாம், அதுல கரண்ட் தங்கியிருக்கும், வெறுங்கையால தொடக் கூடாதுன்னு சொன்னாரு, எங்களதுல இல்ல.

இதுக்கு நடுவுல உள்ள இருந்த மீன் கதை வேற. ஃப்ரீஸர் நெறைஞ்சு இருந்து மூடியத் தெறக்காம விட்டா ரெண்டு நாள் தாங்கும், பாதி இருந்தா ஒரு நாள். எங்களது முக்காவாசி இருந்துச்சு, நான் கம்பளிய மேல போத்தி யாரையும் தெறக்க விடல, ஆனா முன்னாடி நாள் மத்தியானத்துல இருந்தே கரண்ட் இல்லாததால சனிக்கிழமை சாயங்காலம் தெறந்து பாத்துட்டேன். அடியில இருந்தது கல்லு மாதிரி, நடுவுல இருந்ததுல ஐஸ் துகள் தெரிஞ்சுச்சு, இந்த ரெண்டையும் நாத்தனார் வீட்டு ஃப்ரிட்ஜ் ஃப்ரீஸருக்கு அனுப்புனேன். மேல இருந்த உல்லம் மீன் மெத்துன்னு ஆயிருச்சு ஆனா இன்னும் ஜில்லுனுதான் இருந்துச்சு, அத திரும்ப ஒறைய வெக்காம ஒடனே சமைச்சேன். கருவாடு போடலாம்னா ஆடி மாச யாங்கோன்ல வெயில் எங்க இருக்கு, மஞ்சத்தூள் மொளகாத்தூள் பெரட்டி மொறுமொறுன்னு வறுத்து அக்கம்பக்கத்துல ஆளுக்கு ரெண்டு துண்டு குடுத்தேன். மாடியில இருக்க பர்மாக்காரப் பாட்டி பதிலுக்கு அவங்க வீட்ல இருந்த ஐஸ் கட்டிய பை நெறைய குடுத்தாங்க, அதுதான் ஞாயித்துக்கெழம மாவக் காப்பாத்துச்சு.

ரிலே வாங்க டவுனுக்குப் போனப்ப பழசையும் ஓவர்லோடையும் கையோட கொண்டு போனேன், கம்ப்ரஸர் ஸ்டிக்கர படம் புடிச்சும் வெச்சுக்கிட்டேன். இது முக்கியம். எல்லா ரிலேயும் எல்லா கம்ப்ரஸருக்கும் ஆகாது, ஹெச்பி, அதாவது மோட்டாரோட சக்தி எவ்வளவுன்னு பாத்து, ஊசி எப்படி இருக்குன்னு பாத்துத்தான் வாங்கணும், அதுவும் ரிலேயும் ஓவர்லோடும் ஜோடியா வாங்குறது நல்லது. ராத்திரி பூரா வெட்டி வெட்டி அந்த ஓவர்லோடும் களைச்சிருக்கும்னு பாய் சொன்னாரு. பெரிய சைஸ் ஓவர்லோட் போட்டா டக் சத்தம் வராது, ஆனா அது வெட்ட வேண்டிய நேரத்துல வெட்டாது, மோட்டார் எரியும். கடைக்காரப் பையன் "அது இல்லாமலே நேரா வயர் குடுத்துருங்க, ஓடும்"னு கூட சொன்னான், தயவுசெஞ்சு யாரும் அப்படி செய்யாதீங்க. ரெண்டும் சேத்து பதினாலாயிரம் சாட். அதோட கரண்ட் வந்தா அஞ்சு நிமிசம் கழிச்சு தொடுக்குற, வோல்டேஜ் கொறைஞ்சா வெட்டுற பெட்டி ஒண்ணு முப்பத்தஞ்சாயிரத்துக்கு. கையில இருந்த அறுபதாயிரத்துல பஸ்ஸுக்குப் போக மிச்சம் இருந்துச்சு.

மாட்டுறது அஞ்சு நிமிச வேலை. ஊசி மூணுலயும் லேசா துரு, சின்ன துண்டு உப்புத்தாளால தொடச்சேன், படத்தப் பாத்து வயர சொருகுனேன், மூடி, கிளிப், ஸ்க்ரூ. கரண்ட் வர சாயங்காலம் ஆகும், அதுக்குள்ள உள்ள இருந்த உறைபனிய எடுத்துரலாம்னு பாத்தேன். செவுரு பூரா ரெண்டு விரக்கடை பனி. என் மாமியார் தோசக்கரண்டிய எடுத்துட்டு வந்துட்டாங்க, "அத்தை, வேணாம்"னு கையப் புடிச்சுக்கிட்டேன். பெட்டி ஃப்ரீஸர்ல கேஸ் ஓடுற குழாய் அந்த உள் செவுத்துக்குப் பின்னாடிதான் ஒட்டிக்கிட்டு இருக்கு, ஒரு குத்து குத்துனா முடிஞ்சுச்சு. வெந்நிப் பாத்திரம் ரெண்டு உள்ள வெச்சு மூடுனோம், அரை மணி நேரத்துல பனி பாளம் பாளமா விழுந்துச்சு. வெளிச் செவுத்துலயும் அப்படித்தான், நெறைய பெட்டியில சூட்டக் கடத்துற குழாய் வெளித் தகட்டுக்கு அடியில ஓடுது, அதனால அதுல ஸ்டாண்டு மாட்டுறேன்னு ஸ்க்ரூ அடிச்சிராதீங்க, செவுத்தோட ஒட்டியும் வெக்காதீங்க, ஒரு சாண் எடம் விடுங்க.

மூடி ரப்பரையும் பாத்தேன். அம்பது சாட் நோட்ட இடுக்குல வெச்சு மூடி இழுத்தா இறுக்கமா வரணும், ஒரு மூலையில மட்டும் வழுக்கிக்கிட்டு வந்துருச்சு. கொதிக்கிற வெந்நியில துணிய முக்கிப் புழிஞ்சு அந்த மூலையில வெச்சு வெச்சு எடுத்தேன், ரப்பர் இளகுச்சு, வெரலால இழுத்து வெச்சு மூடி மேல அரிசி மூட்டைய வெச்சோம். மறுநாள் நோட்டு நின்னுச்சு.

சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு சத்தம் வந்துச்சு. மீ லாபி. நாங்க யாரும் அசையல. அந்தப் புதுப் பெட்டியில செவப்பு லைட்டு எரியுது, அஞ்சு நிமிசம் எண்ணுது. பாய ஃபோன்ல வெச்சிருக்கோம், அவரும் பேசல. பச்சைக்கு மாறுச்சு, ஒரு சின்ன "டிக்", அப்புறம் "ஸ்ஸ்ர்ர்ர்"னு ஒரே சீரான சத்தம். உறுமல் இல்ல. "ஓடுது"ன்னாரு பாய், எனக்கு முன்னாடி அவருக்குத்தான் தெரிஞ்சுச்சு. கால் மணி நேரத்துல வெளிச் செவுரு வெதுவெதுப்பாச்சு, உள்ள ஈர வெரல வெச்சா ஒட்டுச்சு.

இப்ப வெறும் எடம் எதையும் விடுறதில்ல, எல்லாத்துலயும் தண்ணி பாட்டில். ஒரு கிலோ ஐஸ் கரையிறதுக்கே 80 கிலோ கலோரி சூட்ட இழுக்கும், இருபது லிட்டர் ஒறைஞ்சு இருந்தா கரண்ட் எட்டு மணி நேரம் இல்லைன்னாலும் உள்ள ஒண்ணும் ஆகுறதில்ல. பாதி பாட்டில்ல லிட்டருக்கு நூறு கிராம் உப்பு போட்டு வெக்கிறேன், அது மைனஸ் 6 டிகிரி கிட்டத்தான் ஒறைய ஆரம்பிக்கும், அதனால கரையிறப்பயும் சும்மா தண்ணி ஐஸவிட ஜில்லுனு இருக்கும், மீனு இளகாது. பாட்டில முழுசா ரொப்பாதீங்க, நாலு வெரல் விடுங்க, ஒறையிறப்ப உப்பி வெடிச்சிரும். மேல தெறக்குற பெட்டிங்கிறதால இன்னொரு லாபம், குளிர் காத்து கனமானது, மூடியத் தெறந்தாலும் அடியிலயே கெடக்கும், நிக்கிற ஃப்ரிட்ஜ் மாதிரி கால்ல வந்து கொட்டாது.

போன வாரம் எதிர் மாடி அக்கா வந்து சொன்னாங்க, அவங்க ஃப்ரிட்ஜும் உறுமி உறுமி நிக்கிதாம், சயா வந்து கம்ப்ரஸர்னு சொல்லிட்டாராம். மீட்டர எடுத்துக்கிட்டுப் போனேன். அவங்க டப்பி ஆட்டுனா சத்தமே வரல, அதுல மீட்டர வெச்சா ஓமும் சரியா 22 காட்டுச்சு, டப்பி நல்லாத்தான் இருக்கு. கம்ப்ரஸர்ல ஒரு ஊசிக்கும் குழாய்க்கும் நடுவுல மீட்டர் அசைஞ்சுச்சு. அக்கா, சயா சொன்னது சரிதான்னு சொன்னேன், ப்ளக்க புடுங்கி வயர சுருட்டி வெச்சுட்டு வந்தேன். அவங்க மீனும் கறியும் இப்ப எங்க ஃப்ரீஸர்ல இருக்கு, ரெண்டு பாட்டில வெளிய எடுத்து எடம் பண்ணிக் குடுத்திருக்கேன்.

இத எழுதிக்கிட்டு இருக்கப்பவே தெரு முனையில கத்துறாங்க. மேல் மாடியில மோட்டார் ஓட ஆரம்பிச்சிருச்சு, டியூப் லைட் ஒரு தடவ வெட்டுச்சு. சின்ன மக எங்க பெட்டி முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்து செவப்பு லைட்டையே பாத்துக்கிட்டு இருக்கா.